செயற்கைப் புல்தரையும் செம்மண் களமும்



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. அது பிள்ளைகள் ஓடியாட இடமில்லாக் குறை. ஊரில் நமக்குத் தெருவே ஆடுகளமாக இருந்தது. அறுவடை முடிந்த வயலும், நீர் வற்றிய குளமும் பந்து விளையாடும் மைதானங்களாயின. குடியேறிய நகரத்திலோ மாடிக் குடியிருப்பும், ஒடுங்கிய சந்துமே நம் பங்குக்கு வாய்க்கின்றன. ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து மைதானம் ஒன்றே கதி. அந்த மைதானத்தின் தரையை மாற்றப்போகிறோம் என்று ஒருவர் சொல்வாரானால், அது விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் இல்லத்துச் செய்தியும் ஆகும்.

அத்தகைய செய்தி ஒன்றே இன்றைய பேச்சுக்குக் காரணம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் நெடுங்காலமாக வாணிகம் செய்துவரும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. நாகர்கோவிற் பக்கத்தவர். அவருடைய மகள் பள்ளியில் ‘சாஃப்ட்பால்’ என்னும் மென்பந்தாட்டம் ஆடுகிறாள். சில திங்களுக்கு முன் அவர் நம்மைத் தேடி வந்து, “அண்ணாச்சி, பிள்ளைகள் ஆடுகிற களத்தில் மண்ணை மூடிச் செயற்கைப் புல் விரிக்கப்போகிறார்களாம். பெற்றோரிடம் பணம் திரட்டுகிறார்கள். மழைக்காலத்தில் பயிற்சி கெடாது என்கிறார்கள். கொடுக்க மனம் இருக்கிறது. ஆனாலும் ஏதோ நெஞ்சை உறுத்துகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். உடனே விடை கூற நமக்குத் துணிவில்லை. பார்த்தும், கேட்டும், படித்தும் அறிந்துகொண்டபின் அவருக்குக் கூறிய விடையையே இன்று உங்களிடமும் கூறுகின்றோம்.

மென்பந்தாட்டத்தை அறியாதார்க்கு முதலில் ஒரு சொல். இது அமெரிக்க நாட்டில் 1887ஆம் ஆண்டு, சிக்காகோ நகரத்துப் படகுக் கழகம் ஒன்றின் கூடத்துக்குள்ளே பிறந்த ஆட்டம். பேஸ்பால் ஆட்டத்தின் தங்கை எனலாம். பந்தைக் கையைத் தாழ்த்தி எறிவார்கள். மட்டைக்காரர் அடித்துவிட்டு ஓடுவார். சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒரு தளத்துக்கும் மறு தளத்துக்கும் இடைவெளி 60 அடி. மகளிர் ஆட்டத்தில் பந்தெறிபவர் 43 அடி தொலைவில் நிற்கிறார். தளங்கள் அமைந்த பகுதியை உட்களம் என்றும், அதற்கு அப்பாலுள்ள புல்வெளியை வெளிக்களம் என்றும் பெயரிட்டு வழங்குவோம். வெளிக்களத்திற் புல் இருக்கும். உட்களத்தில் ஒரு புல்லும் இராது. பண்படுத்திய மண்ணே அங்கே தரை. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

மண் தரை ஏன்? ஆட்டத்தின் உயிர்நாடியான செயல்கள் உட்களத்திலேயே நிகழ்கின்றன. அடித்த பந்து முதலில் அங்கேதான் தரையில் மோதித் துள்ளுகிறது. ஓடிவருபவர் பந்து வந்து சேருமுன் தளத்தைத் தொடவேண்டி, உடலைத் தரையிற் கிடத்திச் சறுக்கிச் செல்கிறார். பண்பட்ட மண் சற்றே நெகிழ்ந்து கொடுத்து அவரை வழுக்கி விடுகிறது, உடலும் காக்கப்படுகிறது.

இனி, திருவனந்தபுரத்து மண்ணைப் பாருங்கள். வெட்டுக்கல் உதிர்ந்து உண்டான செம்மண் அது. வெயிற் காலத்தில் கல்லென இறுகும்; இடையிடையே பருக்கைக் கற்கள் தலைநீட்டும். மழை பெய்தாலோ காலைப் பற்றும் சேறாகிவிடும். மழைக்கும் அவ்வூரிற் குறைவில்லை. கிழக்கே தமிழ்நாட்டிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழ்வது. மலைக்கு மேற்கே உள்ள திருவனந்தபுரத்துக்கு இரு பருவமும் உரியவை. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவம் வருகிறது. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை. ஜூன் திங்களிற் பள்ளி திறக்கும் நாளும் மழை தொடங்கும் நாளும் ஒன்றாகவே அமைகின்றன. பிள்ளைகள் எப்போது பழகுவது?

பெரிய ஆட்டங்களும் இம்மழைக்குத் தப்பியதில்லை. 1984 அக்டோபர் 1ஆம் நாள் அந்நகரத்துப் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் மழையால் முடிவின்றிக் கைவிடப்பட்டது. ஆகவே, மழையை வெல்லும் தரை ஒன்று வேண்டும் என்று அவ்வூரார் ஏங்குவதில் வியப்பில்லை.

இயற்கைத் தரையின் மேல் செயற்கை விரிப்பைப் பரப்பி ஆடுவது நம் நாட்டுக்குப் புதியதுமன்று. புல்லும் களிமண்ணும் கொண்டு ஆடுதரை அமைக்க வசதியில்லாத ஊர்களில் தென்னை நாரினாலோ சணலினாலோ பின்னிய பாயை விரித்து நெடுங்காலம் கிரிக்கெட் ஆடினார்கள். 1952ஆம் ஆண்டு இலட்சுமணபுரி எனும் லக்னோவில் சணற்பாயின் மீது நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், பாகிஸ்தானின் பசல் மகமூது 94 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா ஓர் இன்னிங்ஸும் 43 ஓட்டமும் வேறுபாட்டில் தோற்றது. தரை மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்று நாம் செயற்கைப் புல் என்று சொல்வது 1960களில் அமெரிக்காவில் தோன்றியது. 1964ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் அது முதலில் விரிக்கப்பட்டது. அதற்குப் பெயரும் புகழும் தேடித் தந்தது ஹியூஸ்டன் நகரத்து அஸ்ட்ரோடோம். 1965இல் திறக்கப்பட்ட அம்மாபெரும் அரங்குக்கு ஒளி புகும் கூரை அமைத்திருந்தார்கள். வெயில் கண்ணைக் கூசச் செய்ததால் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, கூரைக்கு வண்ணம் பூசினார்கள். ஒளியிழந்த புல் மடிந்தது. மறு ஆண்டு, 1966இல், மடிந்த புல்லின் இடத்தில் நைலான் புல் வந்தது. ‘அஸ்ட்ரோடர்ஃப்’ என்ற பெயர் அவ்வரங்கின் பெயரிலிருந்து பிறந்ததே. உயிருள்ள புல் வாழ வழியில்லாத இடத்துக்கு மாற்றாகவே இது புகழ்பெற்றது என்பதை இங்கே கருதுதல் தகும்.

இக்காலத்துச் செயற்கைப் புல்தரை பல அடுக்குகள் கொண்டது. அடியில் இறுக்கிய மண். அதன்மேல் நீர் வடியும் சரளைக் கல்லும் குழாய்களும். அதற்கு மேல் பாலிஎத்திலீன் இழைகள் தைத்த விரிப்பு. இழைகளுக்கு இடையே மணலும், பழைய டயர்களை அரைத்தெடுத்த இரப்பர்த் துகளும். மழைநீர் விரிப்பின் துளைகள் வழியே இறங்கி, சரளையிற் புகுந்து, குழாய் வழியே வெளியேறும். நீரை வடிப்பது புல் அன்று, கீழேயுள்ள கல்லும் குழாயுமே என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் நன்மைகளை முதலில் எடுத்துரைப்போம்.

முதலாவது, மழை நின்ற சிறிது நேரத்தில் ஆடலாம். மண் களம் ஒருநாள் உலர வேண்டுமென்றால், இதற்குச் சில நாழிகை போதும். இரண்டாவது, பந்து ஒரே சீராகத் துள்ளும். பருக்கைக் கல்லிற் பட்டுத் திடீரென முகத்துக்கு எழும் பந்தைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவதில்லை. அச்சம் நீங்கினால் கை பழகும். மூன்றாவது, அன்றாடம் நீர் தெளித்து, பலகை இழுத்து, குழி தூர்க்கும் வேலை குறைகிறது. நான்காவது, காலையிற் கூட்டமும் மாலையில் ஆட்டமுமாக எத்தனை கால்கள் மிதித்தாலும் தாங்கும். இடம் குறைந்த நகரங்களில் இது சிறிய நன்மையன்று.

தீமைகளும் உண்டு, அவற்றையும் மறையாது கூறவேண்டும்.

முதலாவது, வெப்பம். உயிருள்ள புல் தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழைக்கு அத்திறம் இல்லை. நண்பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸையும் கடப்பதுண்டு. நீர் தெளித்தால் தணியும். ஆனால் சிறிது நேரத்தில் மீண்டும் சூடேறும். மார்ச்சு, ஏப்ரல் திங்களில் பிற்பகல் 2 மணிக்கு அதன்மேல் நிற்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, சறுக்குகையில் உண்டாகும் சிராய்ப்பு. மண் வழுக்கி விடும் இடத்தில் இழையும் இரப்பரும் தோலை உரசி எரிக்கும். 2015ஆம் ஆண்டு கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து முழுவதும் செயற்கைத் தரையில் நடத்தப்பட்டது. ஆடவர் போட்டியை இயற்கைப் புல்லில் நடத்துவோர் மகளிரை மட்டும் இதில் ஆடச் சொல்வது முறையா என்று முன்னணி வீராங்கனைகள் 2014இல் சட்டவழி முறையிட்டார்கள். மறு ஆண்டு தொடக்கத்தில், போட்டி நெருங்கிய நிலையில், அம்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இதில் எவ்வளவு மிகுதி என்பது பற்றி வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிராய்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாவது, பந்தின் விரைவு. சீரான துள்ளல் நன்மை என்றோம். ஆனால் அது விரைவான துள்ளலாகவும் இருக்கக்கூடும். மூன்றாம் தளத்தருகே நிற்பவள் மட்டைக்காரருக்கு மிக அணுக்கத்தில் நிற்கிறாள். விரைந்து வரும் பந்தைத் தடுக்க அவளுக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரமே.

நான்காவது, செலவும் கழிவும். இவ்விரிப்பு என்றென்றைக்கும் உழைப்பதன்று. எட்டு, பத்து ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். அப்போது கிழிந்த விரிப்பை எங்கே போடுவது? ஒவ்வொரு மழையிலும் துகள்கள் ஓடையிற் கலப்பதை எவ்வாறு தடுப்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதியின்படி, இத்தகைய பிளாஸ்டிக், இரப்பர்த் துகள்களை ஆடுகளங்களுக்கு விற்பது எட்டாண்டு அவகாசத்துக்குப்பின், 2031இல், நிறுத்தப்படவுள்ளது. அங்கே கைவிடப்படும் பொருளை இங்கே புதுமை என்று வாங்குமுன் சற்றே சிந்திக்க வேண்டாவா? அவற்றுக்கு மாற்றாக அந்நாட்டார் பயன்படுத்தும் பொருள்களில் தென்னை நாரும் தக்கையும் உண்டு. கேரளத்துக்குத் தென்னை நாரைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நன்மை நான்கு, தீமை நான்கு. தராசு சமமாக நிற்கிறதே, எப்படி முடிவு செய்வது என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஹாக்கி ஆட்டத்தின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது.

1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் கொண்டுவந்த நம் ஹாக்கிக் குழு, 1975இல் கோலாலம்பூரிற் புல்தரையில் உலகக் கோப்பையையும் வென்றது. மறு ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. நாம் 7ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டோம். தோல்விக்குத் தரை ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். எனினும், புல்லிற் பழகிய பிள்ளையைச் செயற்கைத் தரையிற் சோதித்தால் அவன் இடர்ப்படுவான் என்பது மெய். உலகப் போட்டிகள் யாவும் அத்தரைக்கு மாறிவிட்டபின், ஏழை நாட்டாருக்கும் வேறு வழி இல்லாமற் போயிற்று. 2015இல் கேரளத்தில் நடந்த 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கொல்லத்தில் செயற்கைத் தரை கொண்ட ஹாக்கி அரங்கு எழுந்தது இதனாலேயே.

கேரளம் தந்த இரு கோல்காப்பாளரை எண்ணிப் பாருங்கள். கண்ணூரைச் சேர்ந்த மானுவல் பிரெடரிக் 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் புல்தரையில் நின்று வெண்கலம் பெற்றார். எர்ணாகுளம் பக்கத்து ஸ்ரீஜேஷ், திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியிற் சேர்ந்து கோல்காக்கப் பழகியவர். 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் செயற்கைத் தரையில் நின்று வெண்கலம் பெற்றார். இருவர்க்கும் வீரம் ஒன்றே, தரை வேறு. அந்தந்தக் காலத்தின் சோதனைத் தரை எதுவோ, அதிலே பழகியவர்க்கே வெற்றி.

இந்த அளவுகோலை மென்பந்தாட்டத்துக்கு வைத்துப் பார்ப்போம். ஹாக்கியைப் போல மென்பந்தாட்டம் தன் தரையை மாற்றிக்கொண்டுவிட்டதா? இல்லை. 2028ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் நடக்கவிருக்கிறது. அங்குள்ள அரங்கின் உட்களம் இன்றும் மண்ணே. பேஸ்பால்காரர்கள் செயற்கைத் தரையை மேற்கொண்டபோதும் மண்ணை முழுவதும் துறக்கவில்லை. 1970இல் சின்சினாட்டி நகரத்து அரங்கில் எங்கும் விரிப்பைப் பரப்பி, தளங்களைச் சுற்றிலும் மட்டும் சறுக்குவதற்கென மண்ணை விட்டுவைத்தார்கள். ஆகவே ஹாக்கி ஆடும் பிள்ளைக்குச் செயற்கைத் தரையை மறுப்பது அநீதி. மென்பந்து ஆடும் பிள்ளையிடமிருந்து மண்ணைப் பறிப்பது அநீதி. நாளை போட்டிக்குச் செல்லும் பெண் மண்ணிற் சறுக்கவேண்டியவள். அவளை நாம் இன்று பிளாஸ்டிக்கிற் பழக்கலாமா?

நண்பரின் மகளிடமே இதைக் கேட்டுப் பார்த்தோம். கேரளத்துப் பள்ளியிற் படிக்கும் பிள்ளை. தமிழும் மலையாளமும் கலந்து வரும் பேச்சு. “மண்ணிலே விழுந்தால் கழுவினாற் போய்விடும், மாமா. ஒருமுறை வேறோர் இடத்தில் அந்தப் பச்சைத் தரையில் சறுக்கினேன். பத்து நாள் முழங்கால் எரிந்தது. ஆனால் சேற்றில் ஆட முடியவில்லை என்பதும் உண்மைதான்” என்றாள். இரு பக்கத்தையும் அவளே சொல்லிவிட்டாள்.

அவளுடைய பின்பாதிச் சொல்லுக்கும் விடை வேண்டுமல்லவா? அந்த விடை திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. நகரின் வடக்கே காரியவட்டத்தில் 2015இல் திறக்கப்பட்ட கிரீன்ஃபீல்டு அரங்கில், 2017 நவம்பர் 7ஆம் நாள் இந்தியாவும் நியூசிலாந்தும் இருபது ஓவர் கிரிக்கெட் ஆட வந்தன. பெருமழை பிடித்துக்கொண்டது. 1984இன் கதையே மீண்டும் நிகழும் என்று பலர் அஞ்சினர். ஆனால் மழை நின்றபின் நீர் விரைந்து வடிந்தது. பக்கத்துக்கு 8 ஓவராகச் சுருக்கி ஆட்டம் நடந்தேறியது. இந்தியா 6 ஓட்டங்களில் வென்றது. அங்கே தரை இயற்கைப் புல்லே. மழையை வென்றது மேலே தெரியும் பச்சை அன்று, கீழே தெரியாத வடிகால்.

ஆதலின் நண்பருக்கு நாம் கூறிய விடை இது. திரட்டும் பணத்தை முதலில் வடிகாலுக்குச் செலவிடுங்கள். உட்களத்தின் நடுவைச் சிறிது உயர்த்தி நாற்புறமும் நீர் ஓடச் சரிவு அமையுங்கள். செம்மண்ணைச் சலித்துப் பருக்கையை நீக்கி, அளவாக மணல் கலவுங்கள்; சுட்ட களிமண் துகள் கலந்தால் ஈரத்தை உறிஞ்சும். மழை வருமுன் மூடத் தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள். தளங்களுக்கு இடையேயுள்ள சதுரம் வெறும் 3,600 சதுர அடி. ஓரத்து வளைவுடன் சேர்த்தாலும், பிள்ளைகள் பலர் பிடித்தால் மூடிவிடக்கூடிய பரப்பே. இவ்வளவும் செய்தபின் பணம் மிஞ்சுமானால், களத்துக்கு வெளியே மட்டைப் பயிற்சிக்கென ஒரு கீற்றுச் செயற்கைப் புல் விரியுங்கள். நின்ற இடத்திலேயே கால் தேய்த்துக் குழி பறிக்கும் அவ்விடத்துக்கு அது ஏற்றது; அங்கே யாரும் சறுக்குவதில்லை.

அவ்வாறின்றிக் களம் முழுதும் விரிப்பதென்றே பிறர் முடிவு செய்வாராயின், பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அடியில் வடிகால் எவ்வாறு அமையும்? இழைகளுக்கிடையே எந்தத் துகளை இடுவீர்? எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தருவீர்? தேய்ந்த விரிப்பை எடுத்துச் செல்வது யார் பொறுப்பு? ஐந்தாவதாக, பள்ளிக்காரரை நோக்கி ஒன்று கேளுங்கள்: விரித்தபின் இக்களம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா, அல்லது மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்படுமா?

இக்கடைசிக் கேள்வி மற்றவற்றினும் பெரிது. கேரளத்து ஊர்களிலும் நம் தமிழ்நாட்டு ஊர்களிலும் ‘டர்ஃப்’ என்ற பெயரில் வலைக்கூண்டு அடைத்த பச்சைத் தரைகள் பெருகியுள்ளன. வேலை முடிந்த இளைஞர்கள் இரவு விளக்கொளியிற் பணம் பகிர்ந்து ஆடிச் செல்கிறார்கள். அதிற் குற்றமில்லை. ஆனால் பங்குப் பணம் கொடுக்க இயலாத பிள்ளை வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். மண் மைதானத்துக்கு வலையும் இல்லை, வாடகையும் இல்லை. பிற மாநிலத்திற் பிழைக்க வந்தவர் பிள்ளை அவ்வூர்ப் பிள்ளையோடு தோழமை கொள்வதும், அவ்வூர் மொழியைக் கற்பதும் பெரும்பாலும் அத்தகைய திறந்த களத்தில்தான். அதை நாம் இழந்துவிடலாகாது.

நண்பர் நம் விடையை எழுதி எடுத்துச் சென்று, பெற்றோர் கூட்டத்திற் படித்துக் காட்டினார். வடிகாலை முதலில் அமைப்பது, விரிப்பைப் பற்றிப் பின்னர் எண்ணுவது என்று அங்கே முடிவாயிற்று என்று தெரிவித்தார். அடுத்த ஜூன் மழை அம்முடிவைச் சோதித்துச் சொல்லும்.

நேயர்களே, நீங்கள் வாழும் ஊர் மும்பையாயினும் பெங்களூராயினும் தில்லியாயினும், இத்தகைய கேள்வி உங்கள் வாயிலுக்கும் வரக்கூடும். அப்போது விற்பவர் காட்டும் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அத்தகைய தரை ஒன்றுக்கு வெயில் ஏறிய பிற்பகலில் ஒருமுறை சென்று வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். உங்கள் மைதானத்துக்கு மழை பெய்த மறுநாட் காலையில் ஒருமுறை சென்று நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பிறகு அதில் ஆடும் பிள்ளையைக் கேளுங்கள். அதன்பின் பணப்பையைத் திறக்கலாம்.